எண்ணெயும் ஓர் உதிரிபாகம்தான்

ஆத்தங்குடியில் டைல்ஸ் ஏற்றிய இரண்டு பிக்கப் வண்டிகள் திருமயம் வழியாகத் திருச்சிக்குப் புறப்படுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மேனுவல் கியர், மற்றது ஆட்டோமேட்டிக். முதல் வண்டியின் கியர்பாக்ஸ் எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு ஓட்டினால் பற்சக்கரங்கள் உரசும், சூடேறும், கெட்டுப்போகும். ஆனாலும் கெடும்வரை வண்டி ஓடும். இரண்டாவது வண்டியின் எண்ணெயை வடித்துவிட்டு எஞ்சினை எவ்வளவு முறுக்கினாலும் இரைச்சல்தான் கேட்கும். சக்கரம் ஓர் அங்குலம்கூட நகராது.

மேனுவல் பெட்டியில் எண்ணெய் காவல் காக்கிறது. ஆட்டோமேட்டிக் பெட்டியில் எண்ணெயே வேலை செய்கிறது. வேலை செய்யும் எந்தப் பாகமும் தேயும். தேய்ந்ததை மாற்றியாக வேண்டும். கிளட்ச் பிளேட்டுக்கும் பிரேக் ஷூவுக்கும் நாம் ஒப்புக்கொண்ட இந்த நியதியை ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்க்கு மட்டும் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறோம். 'வண்டியின் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாத எண்ணெய்' என்று விற்பனைக் கூடத்தில் கேட்கும் பேச்சு அந்தத் தயக்கத்தை வளர்க்கிறது. அந்த எண்ணெய் என்ன செய்கிறது, எப்படி முதுமை அடைகிறது, அதோடு வரும் வடிகட்டியால் எதைத் தடுக்க முடியும், எதைத் தடுக்க முடியாது என்று தெரிந்துகொண்டால் பல லட்சம் ரூபாய் பெறும் ஒரு கியர்பாக்ஸை நீண்ட காலம் காப்பாற்றலாம்.

நம் சாலைக்கு வந்த ஆட்டோமேட்டிக்

செட்டிநாட்டுத் தெருக்களில் சரக்கு சுமப்பவை இன்றும் பெரும்பாலும் மேனுவல் கியர் வண்டிகளே. குட்டியானை என்று எல்லோரும் அழைக்கும் டாடா ஏஸ், மஹிந்திரா பொலேரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகியவைதான் இங்கே டைல்ஸையும் தேக்குத் தூண்களையும் சிமென்ட் மூட்டைகளையும் சுமக்கின்றன. இவற்றின் கியர்பாக்ஸில் 75டபிள்யூ-90, 80டபிள்யூ-90 போன்ற கெட்டியான கியர் ஆயில் இருக்கும். பற்சக்கரங்கள் அதில் பாதி முழுகியபடி சுழன்று எண்ணெயை எங்கும் தெளிக்கும். கிளட்ச் பிளேட் இந்த எண்ணெய் படாமல் வெளியே உலர்ந்த நிலையில் இருக்கும். பொதுவாக வடிகட்டி என்று ஒன்று இருக்காது.

ஆட்டோமேட்டிக் பிக்கப்கள் கடந்த சில ஆண்டுகளில்தான் இந்தியச் சாலைகளுக்கு வந்தன. ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டியில் 2016-இல் ஆலை திறந்த இசுஸு நிறுவனம், 2019-இல் தன் வி-கிராஸ் வண்டியில் 1.9 லிட்டர் டீசல் எஞ்சினோடு 6 வேக ஆட்டோமேட்டிக் பெட்டியைத் தந்தது. 2022-இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. மலேசியாவில் உறவும் தொழிலும் உள்ள செட்டிநாட்டுக் குடும்பங்களுக்கு ஹைலக்ஸ் புதிய பெயரன்று. அங்கே தோட்டங்களிலும் கட்டுமான இடங்களிலும் நெடுங்காலமாக ஓடும் வண்டி அது. இந்தியாவுக்கு வந்த ஹைலக்ஸின் 2.8 லிட்டர் எஞ்சின் மேனுவல் பெட்டியோடு 420 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும், ஆட்டோமேட்டிக் பெட்டியோடு 500 நியூட்டன் மீட்டரும் தருகிறது. ஆட்டோமேட்டிக் என்றால் சொகுசுக் காருக்கான மென்மையான பொருள் என்ற எண்ணத்தை இந்த ஓர் எண்ணே மாற்றிவிடும்.

தமிழ்நாட்டுக்கு இந்தத் தொழிலில் இன்னொரு நேரடித் தொடர்பும் உண்டு. லாரி, பேருந்துகளுக்கான தானியங்கி கியர்பாக்ஸ் செய்யும் ஆலிசன் நிறுவனத்தின் ஆலை சென்னையை அடுத்த ஒரகடத்தில் இருக்கிறது. அந்நிறுவனத்தின் 1000 வரிசைப் பெட்டிதான் 2001 மாதிரி தொடங்கி அமெரிக்காவின் கனரக செவர்லே, ஜிஎம்சி பிக்கப்களில் பொருத்தப்பட்டது.

ஓர் எச்சரிக்கை. கிளட்ச் பெடல் இல்லாத எல்லா வண்டியும் இந்த வகையைச் சேர்ந்ததாகாது. ஏஎம்டி என்று விற்கப்படும் வண்டிகளில் இருப்பது சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் மனிதருக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. சிவிடி வண்டிகளுக்குத் தனி எண்ணெய். இக்கட்டுரை பேசுவது டார்க் கன்வெர்ட்டர் கொண்ட பெட்டியைப் பற்றி.

ஒரு திரவம், ஐந்து வேலை

எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய உருண்டையான ஒரு கூடு இருக்கிறது. அதுதான் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் இம்பெல்லர் தன் தகடுகளால் எண்ணெயை விசையோடு வெளிப்புறம் தள்ளுகிறது. அந்த எண்ணெய் எதிரே உள்ள டர்பைன் தகடுகளில் மோதி அதைச் சுழற்றுகிறது. மோதிவிட்டுத் திரும்பும் எண்ணெய் தவறான திசையில் வந்து இம்பெல்லரைத் தடுக்காதபடி நடுவில் இருக்கும் ஸ்டேட்டர் அதன் போக்கைத் திருப்பிவிடுகிறது. இந்தத் திருப்பத்தால், வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது எஞ்சின் தரும் முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிச் சக்கரத்துக்குப் போகிறது. கப்பல்களுக்காக இந்தத் தத்துவத்தை உருவாக்கி 1905-இல் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர். காரில் பெருமளவில் விற்பனைக்கு வந்த முதல் முழுத் தானியங்கிப் பெட்டி ஜெனரல் மோட்டார்ஸ் 1939-இல் அறிமுகப்படுத்திய ஹைட்ராமேட்டிக்.

ஆக, எண்ணெயின் முதல் வேலை எஞ்சினின் ஆற்றலைக் கடத்துவது.

இரண்டாவது வேலை அழுத்துவது. பெட்டிக்குள் கோள் பற்சக்கரத் தொகுதிகள் உள்ளன. எந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறோம், எதைச் சுழல விடுகிறோம் என்பதைப் பொறுத்து கியர் மாறும். இப்படிப் பிடிப்பவை அடுக்கடுக்கான கிளட்ச் தகடுகள். ஓர் எஃகுத் தகடு, அடுத்து காகித நாரும் பிசினும் கலந்து செய்த உராய்வுப் பூச்சுள்ள ஒரு தகடு, மீண்டும் எஃகு என்று அவை அமைந்திருக்கும். எண்ணெயின் அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ள, தகடுகள் நெருங்கி ஒன்றையொன்று பற்றுகின்றன. எந்தப் பிஸ்டனுக்கு எப்போது எண்ணெய் போக வேண்டும் என்பதை வால்வு பாடி என்ற பாகம் தீர்மானிக்கிறது. குறுகிய வாய்க்கால்கள் வளைந்து வளைந்து ஓடும் அலுமினியக் கட்டை அது. அதற்குள் நகரும் வால்வுகளுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்குதான்.

மூன்றாவது, பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் உராய்வைக் குறைப்பது. நான்காவது, உள்ளே உண்டாகும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு கூலருக்குப் போவது. ஐந்தாவது, தேய்ந்து உதிரும் துகள்களை ஓரிடத்தில் தங்கவிடாமல் வடிகட்டிக்கும் காந்தத்துக்கும் சுமந்து செல்வது.

வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்

இந்த ஐந்து வேலைகளில் இரண்டு ஒன்றுக்கொன்று முரணானவை. பற்சக்கரங்களுக்கு உராய்வு குறைய வேண்டும். அதே எண்ணெயில் ஊறியிருக்கும் கிளட்ச் தகடுகளுக்கோ உராய்வு போதுமான அளவு வேண்டும். அதிகம் வழுக்கினால் கிளட்ச் நழுவி எரியும். திடீரென்று கவ்வினால் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் வண்டி குலுங்கும்.

இரண்டுக்கும் நடுவில் எண்ணெயை நிறுத்துவது உராய்வுச் சீராக்கி என்ற சேர்மானம். அதன் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை உலோகப் பரப்பில் ஒட்டிக்கொள்ளும், வால் எண்ணெய்க்குள் நீட்டி நிற்கும். இப்படிக் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேர்ந்து இரு தகடுகளுக்கும் இடையே ஒரு மெல்லிய படலத்தை அமைக்கின்றன. தகடுகள் நெருங்கி நழுவல் குறையக் குறைய உராய்வு திடீரென்று கூடிவிடாமல் அந்தப் படலம் பார்த்துக்கொள்கிறது. சேர்மானம் தீர்ந்துபோனால் தகடு பற்றும், விடும், மீண்டும் பற்றும். நல்ல சாலையில் மிதமான வேகத்தில் சீராகப் போகும்போது வண்டி சில நொடிகள் விர்ரென்று நடுங்குவதை ஓட்டுநர்கள் உணர்வது இதனால்தான். பலர் இதை டயர் கோளாறு என்றோ எஞ்சின் கோளாறு என்றோ நினைத்து வேறிடத்தில் செலவு செய்கிறார்கள்.

இந்தச் சேர்மானத்தின் வரலாற்றில் ஒரு துயரக் கதை இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-இல் டைப்-ஏ என்ற தர அளவையும் 1960-களின் இறுதியில் டெக்ஸ்ரான் என்ற தர அளவையும் வகுத்தது. அந்தக் கால எண்ணெய்களில் உராய்வுச் சீராக்கியாகச் சேர்க்கப்பட்டது எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த எண்ணெய். சூட்டைத் தாங்குவதிலும் உலோகத்தில் ஒட்டுவதிலும் அதற்கு ஈடாக ஒன்று அப்போது இல்லை. திமிங்கிலங்கள் அழியும் நிலைக்கு வந்தபோது, 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கா அந்த எண்ணெயின் பயன்பாட்டைத் தடுத்தது. 1973-இல் திமிங்கில எண்ணெய் இல்லாத டெக்ஸ்ரான்-2 வந்தது. அதன் முதல் கலவை கூலர்களின் பற்றவைப்பை அரித்ததால் மீண்டும் திருத்த வேண்டியதாயிற்று. ஹோஹோபா என்ற பாலைநிலச் செடியின் விதை எண்ணெய் உலகின் கவனத்துக்கு வந்ததும் இந்தத் தேடலில்தான். ஓர் உயிரினம் பிழைப்பதற்காக வேதியியலார் ஒரு திரவத்தை அடியிலிருந்து மறுபடி எழுதினார்கள். அதில் ஒரு சேர்மானம் மாறினாலே கூலர் அரிக்கிறது என்றால், 'எல்லாம் சிவப்பு எண்ணெய்தானே' என்று கிடைத்ததை ஊற்றுவது எவ்வளவு ஆபத்து என்பது புரியும்.

புதிய பெட்டிகளுக்குத் தடிமன் குறைந்த எண்ணெய்கள் வந்துவிட்டன. டெக்ஸ்ரான்-3 எண்ணெய் 100 டிகிரி செல்சியஸில் 7 சென்டிஸ்டோக் அளவுக்குப் பாகுத்தன்மை கொண்டது. 2005-இல் வந்த டெக்ஸ்ரான்-6 அதற்கு 6.4 என்று உச்சவரம்பு வைத்தது. டொயோட்டாவின் டபிள்யூஎஸ் எண்ணெய் அதைவிடவும் இளகியது. எண்ணெயின் பாகுத்தன்மையைக் கணக்கில் வைத்தே கணினி கிளட்ச் அழுத்தத்தை நேரம் பார்த்து ஏற்றி இறக்குகிறது. வேறு எண்ணெயை ஊற்றினால் அந்தக் கணக்கு தவறிவிடும்.

சூடு, சிதைவு, நீர்

கியர் எண்ணெயின் முதல் எதிரி வெப்பம். சாதாரண ஓட்டத்தில் அது 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கைக்கணக்கு. 1889-இல் ஸ்வான்ட்டே அரீனியஸ் தந்த சமன்பாட்டிலிருந்து வருவது இது. அந்தக் கணக்குப்படி 90 டிகிரியில் ஓடும் எண்ணெய் 110 டிகிரியில் ஓடினால் நான்கு மடங்கு வேகத்தில் கெடும்.

செட்டிநாட்டில் இந்த 110-ஐ எட்டுவது அரிதன்று. டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் வழியாக ஆற்றல் போகும்போது எப்போதும் சிறிது நழுவல் உண்டு. அந்த நழுவல் முழுவதும் வெப்பமாகிறது. நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் உள்ளே லாக்-அப் கிளட்ச் பூட்டிக்கொள்ளும், நழுவல் நின்றுவிடும். சுமையோடு ஊர்ந்து செல்லும்போது அது பூட்டாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளிலிருந்து பர்மா தேக்குத் தூண்களை ஏற்றிக்கொண்டு சந்துக்குள் முன்னும் பின்னும் வளைக்கும் வண்டியும், திருவிழா நாளில் பிள்ளையார்பட்டி நெரிசலில் நிற்கும் வண்டியும், கொடைக்கானல் மலைப்பாதையில் பாரத்தோடு ஏறும் வண்டியும் கிலோமீட்டர் கணக்கில் கொஞ்சமே ஓடுகின்றன. எண்ணெயின் கணக்கில் மிக அதிகம் ஓடுகின்றன. ஏறும்போது கன்வெர்ட்டர் வழியாக 50 கிலோவாட் ஆற்றல் போகிறது, அதில் 15 சதவீதம் நழுவலில் இழப்பு என்று கொண்டால், 7.5 கிலோவாட் வெப்பம் அந்தச் சில லிட்டர் எண்ணெயில் இறங்குகிறது. வெளியே சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது கூலருக்கும் வேலை கடினம்.

சூடான எண்ணெய் காற்றின் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அமிலங்களாகவும் பிசினாகவும் மாறுகிறது. செம்பு போன்ற உலோகங்கள் அந்த வினையை விரைவுபடுத்துகின்றன. பிசின் வால்வுகளின்மேல் பழுப்புப் படலமாக ஒட்டி அவற்றின் அசைவைத் தாமதப்படுத்துகிறது. கியர் விழ ஒரு நொடி தாமதமாவது பெரும்பாலும் அங்கே தொடங்குகிறது.

இரண்டாவது எதிரி நசுக்கல். எண்ணெய் குளிரில் கெட்டியாகாமலும் சூட்டில் நீர்த்துப்போகாமலும் இருக்க நீண்ட பாலிமர் சங்கிலிகளைச் சேர்க்கிறார்கள். பற்சக்கரங்களின் இடுக்கிலும் பம்ப்பிலும் அந்தச் சங்கிலிகள் அறுபட்டுக்கொண்டே இருக்கும். அறுந்தவை மீண்டும் சேரா.

மூன்றாவது எதிரி நீர். பல வண்டிகளில் கியர் எண்ணெயின் கூலர் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அதில் துளை விழுந்தால் கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் வந்துவிடும். அப்போது சிவப்பு எண்ணெய் ரோஸ் மில்க் நிறத்துக்கு மாறும். கூலன்ட்டில் உள்ள கிளைக்காலும் நீரும் கிளட்ச் தகட்டின் காகிதப் பூச்சை ஒட்டவைத்த பசையைக் கெடுப்பவை. அந்த நிறத்தைக் கண்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் கூடாது. சிவப்பு என்பது எண்ணெயின் குணத்தில் சேராத ஒரு சாயம். கசிவு வந்தால் எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்தறிய உதவுவது. சில நல்ல எண்ணெய்கள் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே கருத்துவிடும். கருமையோடு தீய்ந்த வாடையும் சேர்ந்தால்தான் அது எச்சரிக்கை.

வடிகட்டியால் முடிவதும் முடியாததும்

கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தேங்கும் சேம்பருக்குள், பம்ப்பின் உறிஞ்சு வாயில் வடிகட்டி இருக்கிறது. கம்பளி போன்ற செயற்கை இழையாலோ நுண்ணிய உலோக வலையாலோ அது செய்யப்பட்டிருக்கும். அது இருக்கும் இடம்தான் அதன் வரம்பையும் நிர்ணயிக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் வடிகட்டி மிக நுண்ணியதாக இருந்தால் பம்ப்புக்குப் போதிய எண்ணெய் கிடைக்காது; வெற்றிடக் குமிழிகள் உண்டாகி பம்ப் அரிக்கும். எனவே அந்த வடிகட்டி ஓரளவு பெரிய துகள்களைத்தான் பிடிக்கும். நுண்ணிய இரும்புப் பொடியைப் பிடிக்கச் சேம்பரின் அடியில் காந்தங்கள் வைக்கப்படுகின்றன. ஆலிசன் 1000 பெட்டியில் உள்ளே ஒரு வடிகட்டியும், வெளியே எஞ்சின் ஆயில் ஃபில்டர் மாதிரி திருகிப் பூட்டும் இன்னொரு வடிகட்டியும் உண்டு. வெளியே இருப்பதைச் சேம்பரைக் கழற்றாமலே மாற்றிவிடலாம்.

எவ்வளவு நல்ல வடிகட்டியானாலும் அதனால் பிடிக்க முடிவது துகளை மட்டுமே. அமிலத்தையும் அறுந்த பாலிமரையும் தீர்ந்துபோன உராய்வுச் சீராக்கியையும் எந்த வலையாலும் பிடிக்க முடியாது. அவை எண்ணெயோடு எண்ணெயாகவே கலந்திருக்கின்றன. 'வடிகட்டி மாற்றியாயிற்று, எண்ணெய் சுத்தமாகத்தானே இருக்கிறது' என்று பழைய எண்ணெயையே திரும்ப ஊற்றுவதும், 'எண்ணெயை மாற்றிவிட்டோம், வடிகட்டி கிடக்கட்டும்' என்று விடுவதும் பாதி வேலைகள். அழுக்குக்கு வடிகட்டி, வேதிமாற்றத்துக்குப் புது எண்ணெய். இரண்டும் சேர்ந்தால்தான் பராமரிப்பு முழுமையாகும்.

எப்போது மாற்றுவது? முதலில் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்க்க வேண்டும். அதில் சாதாரணப் பயன்பாட்டுக்கு ஓர் அட்டவணையும் கடும் பயன்பாட்டுக்கு இன்னோர் அட்டவணையும் இருக்கும். கடும் வெப்பம், புழுதி, பாரம், நின்று நின்று போவது ஆகியவற்றைத்தான் கடும் பயன்பாடு என்று அங்கே எழுதியிருப்பார்கள். காரைக்குடியில் சரக்கு ஏற்றும் வண்டி இரண்டாவது அட்டவணைக்குத்தான் உரியது. கியர்பாக்ஸ் தயாரிப்பில் உலகப் பெயர் பெற்ற ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம், தன் பெட்டிகளைப் பொருத்தும் கார் நிறுவனங்கள் சில மாற்றவே வேண்டாம் என்று சொன்னாலும், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் எண்ணெயை மாற்றச் சொல்கிறது. பெட்டியைச் செய்தவர்களின் சொல் அது. அதற்கு மதிப்பளிப்பது நமக்கு நல்லது.

பட்டறையில் கவனிக்க வேண்டியவை

வண்டியை மட்டமான தரையில் நான்கு பக்கமும் சம உயரத்தில் தாங்கல் கொடுத்து நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன் நிரப்பும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். வடித்துவிட்ட பிறகு நிரப்பும் போல்ட் இறுகிக் கிடப்பது தெரிந்தால் வண்டி அங்கேயே கிடக்கும்.

வடித்த எண்ணெயை அளவுப் பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். எவ்வளவு வந்ததோ அதுதான் திரும்ப ஊற்றுவதற்கான முதல் கணக்கு. சேம்பரைக் கழற்றியதும் காந்தங்களைப் பார்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் மையாக ஒட்டியிருப்பது இயல்பான தேய்மானம். விரலில் தட்டுப்படும் உலோகச் சீவல், பித்தளை மினுமினுப்பு, கறுப்புச் செதில்கள் தென்பட்டால் உள்ளே ஏதோ உடைகிறது என்று பொருள். அதைப் படம் எடுத்து வைப்பது பின்னால் உதவும்.

துடைப்பதற்குப் பட்டறைகளில் கைக்கு எட்டுவது பனியன் வேஸ்ட். இந்த வேலைக்கு அது கூடாது. அதிலிருந்து உதிரும் ஒரே நூலிழை வால்வு பாடியின் வாய்க்காலில் சிக்கினால் போதும், ஒரு கியர் விழாமல் போகும். நூல் உதிராத துணி வேண்டும். காற்றில் செம்மண் புழுதி பறக்கும் திறந்த வெளியிலும் இதைச் செய்யக் கூடாது.

புது வடிகட்டியின் கழுத்தில் வரும் ரப்பர் வளையம் சிறியது, ஆனால் அதன் பொறுப்பு பெரியது. அது சரியாக உட்காராவிட்டால் பம்ப் எண்ணெயோடு காற்றையும் உறிஞ்சும். எண்ணெயை அழுத்தினால் சுருங்காது, காற்று சுருங்கும். நுரைத்த எண்ணெயால் கிளட்சை முழு விசையோடு அழுத்த முடியாமல் தகடு நழுவி எரியும். பழைய வளையம் உள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சேம்பர் போல்ட்டுகள் சிறியவை. பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் அவற்றை முறுக்கச் சொல்வார்கள். கைப்பலம் காட்டி இறுக்கினால் தகட்டின் விளிம்பு வளைந்து கசியும். டார்க் ரென்ச் இருக்கும் பட்டறையில் இந்த வேலையைக் கொடுப்பது நல்லது.

அளவு பார்ப்பதில்தான் நம் ஊர் வெயில் குறுக்கிடுகிறது. புதிய பெட்டிகள் பலவற்றில் டிப் ஸ்டிக் இல்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில், எண்ணெய் குறிப்பிட்ட வெப்பநிலைக்கு வந்ததும் அளவுப் போல்ட்டைத் திறந்து, மிகையானது வழிந்து மெல்லிய தாரையாகக் குறையும்வரை பார்த்து மூட வேண்டும். அந்த வெப்பநிலை பல வண்டிகளில் 35 முதல் 45 டிகிரி வரை. ஏன் இவ்வளவு கறார்? எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.075 சதவீதம் விரிகிறது. 30 டிகிரியில் 10 லிட்டராக இருந்தது 80 டிகிரியில் ஏறக்குறைய 10.4 லிட்டர் ஆகிவிடும். சூடான எண்ணெயை வைத்து அளந்து மூடினால், ஆறியபின் அந்த 0.4 லிட்டர் குறைவாகவே நிற்கும். மலை ஏற்றத்தில் எண்ணெய் பின்னால் சாயும்போது பம்ப் காற்றைக் குடிக்கும். அதிகமாக ஊற்றினாலோ சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கும். சித்திரை, வைகாசி மதியத்தில் காரைக்குடியில் வெயிலில் நின்ற வண்டியின் எண்ணெய், எஞ்சினை முடுக்குவதற்கு முன்பே 40 டிகிரியை ஒட்டியிருக்கலாம். கியர் நெம்புகோலை பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி நிறுத்தி எண்ணெயை எல்லா வாய்க்காலிலும் நிரப்புவதற்குள் உரிய வரம்பு தாண்டிவிடும். ஆகவே இரவு முழுக்க ஆறிய வண்டியை விடியற்காலையில் எடுத்து, ஸ்கேனர் கருவியில் எண்ணெயின் வெப்பநிலையைப் பார்த்தபடி இந்த வேலையைச் செய்வதே இந்த ஊருக்கு ஏற்ற முறை.

ஒரு தடவை வடித்தால் எண்ணெய் முழுவதும் வெளியே வராது. டார்க் கன்வெர்ட்டரிலும் கூலரிலும் பெரும்பகுதி தங்கிவிடும். 10 லிட்டரில் 4 லிட்டர் மட்டும் வருகிறது என்று கொண்டால், முதல் மாற்றத்துக்குப் பின் 60 சதவீதம் பழைய எண்ணெய். சில நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி மாற்றினால் 36 சதவீதம். மூன்றாவது தடவையில் 22 சதவீதம். வடிகட்டியை முதல் தடவை மாற்றினால் போதும்.

'ரொம்ப நாள் மாற்றாத வண்டிக்கு எண்ணெய் மாற்றினால் கியர்பாக்ஸ் போய்விடும்' என்று ஓர் அச்சம் பரவலாக இருக்கிறது. ஏற்கெனவே நழுவத் தொடங்கிய கிளட்சைப் புது எண்ணெய் உயிர்ப்பிக்காது. மாற்றிய சில நாளில் அது நின்றுபோனால் பழி புது எண்ணெய்மேல் விழுகிறது. நெடுநாள் கழிவு சேர்ந்த பெட்டியில் இயந்திரத்தால் அழுத்தம் கொடுத்துக் கழுவுவதில் உண்மையான ஆபத்து உண்டு: அடியில் கிடக்கும் கசடு கிளம்பி வால்வுகளுக்குள் போகலாம். அத்தகைய வண்டிக்குச் சேம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து, வடிகட்டியை மாற்றி, வடித்து ஊற்றுவதை இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை செய்வதே பாதுகாப்பு.

வடித்த எண்ணெய் ஊருணிக்குப் போகக் கூடாது

வடித்த எண்ணெய் சாக்கடையிலும் காலி மனையிலும் ஊற்றப்படுவதும், சென்ட்ரிங் பலகைக்குப் பூசப்படுவதும் வழக்கமாக இருக்கிறது. கூரையில் விழும் மழைத்துளியை முற்றத்தில் வாங்கி, கால்வாய் வழியே ஊருணிக்கு அனுப்பிய ஊர்கள் இவை. அதே சரிவுகளில்தான் பட்டறையின் எண்ணெயும் இறங்கும். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி பயன்படுத்திய எண்ணெய் பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் எண்ணெய் தயாரிப்போருக்கும் இறக்குமதி செய்வோருக்கும் அதை மீட்டு மறுசுழற்சி செய்யும் பொறுப்பு வந்திருக்கிறது. மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து முறையாகக் கொடுக்கும் பட்டறையைத் தேர்ந்தெடுப்பது வண்டி உரிமையாளரின் கையில் இருக்கிறது.

காரைக்குடியின் அறிவியலும் இந்த எண்ணெயும்

வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இந்த ஊரில்தான் இருக்கிறது. உலோக அரிமானமும் மின்கலங்களும் அதன் முதன்மைத் துறைகள். பழைய எண்ணெயில் எவ்வளவு அமிலம் சேர்ந்திருக்கிறது என்று ஆய்வகத்தில் அளக்கும் முறைகளில் ஒன்றும் மின்வேதியியல் முறைதான். எண்ணெயில் மின்முனையை வைத்து, காரத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, மின்னழுத்தம் எங்கே தாவுகிறது என்று பார்ப்பார்கள்.

மின்சார வண்டிகள் வந்தால் இந்தக் கவலை தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மோட்டாரும் குறைப்பு கியரும் ஒரே பெட்டியில் வரும் வண்டிகளிலும் எண்ணெய் உண்டு. சில வடிவமைப்புகளில் அது மோட்டாரின் செம்புச் சுருள்கள்மேல் நேரடியாகப் பாய்ந்து குளிர்விக்கிறது. அந்த எண்ணெய் செம்பை அரிக்கக் கூடாது, மின்சாரத்தையும் கடத்திவிடக் கூடாது. பற்சக்கரத்தைக் காக்கச் சேர்க்கும் கந்தகச் சேர்மானங்கள் சில செம்பைத் தாக்குபவை என்பதால் இந்தக் கலவையை வகுப்பது எளிதன்று. திமிங்கில எண்ணெய்க்கு மாற்று தேடிய அதே வகை உழைப்பு இப்போது செம்புக்காக நடக்கிறது. அரிமானத்தைப் படிக்க இந்த மண்ணிலேயே ஓர் ஆய்வுக்கூடமும் அதன் அருகிலேயே பொறியியல் கல்லூரியும் இருக்கும்போது, இத்துறையில் நுழைய விரும்பும் செட்டிநாட்டு மாணவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

மாணவருக்கு அது. வண்டி வைத்திருப்பவருக்கு இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. டயர் மாற்றிய நாளையும் பேட்டரி மாற்றிய நாளையும் குறித்துவைக்கும் அதே நோட்டில் கியர் எண்ணெய்க்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: எந்தத் தர எண்ணெய், எத்தனை லிட்டர், எந்த வடிகட்டி, எத்தனையாவது கிலோமீட்டரில், எந்தத் தேதியில். அந்த வரியை எழுதத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணெய் உங்கள் கணக்கில் ஓர் உதிரிபாகமாகிவிடும். உதிரிபாகத்தை யாரும் உடையும்வரை விட்டுவைப்பதில்லை.